டேக் அண்ணனின் ஆறு பூட்டு

சட்டம் போட்டு ஒரு மனிதனின் சூதாட்டத்தை நிறுத்த முடியுமா என்று டிவியில் கோட்டு மாட்டிக்கொண்டு கத்துகிறவர்கள், எங்கள் டேக் அண்ணனை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். விவாதத்தை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் அவர் மெயின்டனன்ஸ் பிட்டர். மெஷினைக் கழற்றிப் பழுது பார்க்கும்போது யாராவது தெரியாமல் ஆன் செய்துவிட்டால் உள்ளே இருப்பவன் கை போய்விடும். அதனால் மெயின் சுவிட்சில் ஆளுக்கொரு பூட்டு போட்டு, பேர் எழுதிய சிவப்பு அட்டையையும் தொங்கவிடுவார்கள். அந்த அட்டைதான் டேக். பூட்டை மாட்டினவன்தான் எடுக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது.

அண்ணன் இந்த விதியை வேதமாக எடுத்துக்கொண்டவர். படப்பையில் நாங்கள் ஐந்து பேர் தங்கியிருந்த மாடி ரூமுக்கு ஆறாவதாக வந்து சேர்ந்த அன்றே, குக்கரில் 'அபாயம், வேலை நடக்கிறது' என்று ஒரு டேக் மாட்டினார். ராத்திரி வேலையான சி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த என் கால் கட்டைவிரலில் இன்னொன்று. கண் விழித்துப் பார்த்த எனக்கு, ஆஸ்பத்திரியில் பிணவறையில் கிடக்கிறோமோ என்று ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது.

பிள்ளைப்பாக்கத்தில் சொந்த வீடும் பெண்டாட்டியும் இருக்கிற மனுஷனுக்கு எங்கள் ரூமில் என்ன வேலை? ஆன்லைன் ரம்மி. அண்ணியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது, பைக் போனது, கடைசியில் அண்ணனையும் வெளியே அனுப்பிவிட்டார் அண்ணி.

"ஆட்டத்த வுட்டுட்டேன்னு நீ சொல்லாத, நானே பாத்து தெரிஞ்சிக்கினு அப்பால வூட்டுக்குள்ள வுடுறேன்னுட்டாப்பா" என்று எங்களிடம் சொன்னார்.

அரசாங்கமும் தன்னால் ஆனதைச் செய்தது. தடை வரும், ரம்மி கம்பெனிக்காரன் கோர்ட்டுக்குப் போவான், ஆட்டம் திரும்பி வரும். அப்புறம், நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து வரை ஆடக்கூடாது என்று ஒரு விதி வந்தது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்த நேரத்துல நான் சி ஷிப்ட்ல கீறேன். போனு கேட்டாண்ட லாக்கர்ல கீது. நான் ஆடவே முடியாத நேரமா பாத்து தட போட்டுகினு கீறாங்க!"

பகலெல்லாம் ஆடினார்.

பிறகு டெல்லியிலிருந்தே சட்டம் வந்தது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை ஆப்காரர்களே இழுத்து மூடினார்கள். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் எங்கிருந்தோ ஒரு லிங்க் வந்தது, வெளிநாட்டு ஆப், சேர்ந்தால் போனஸ். அதைத் திறந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். அவரோ கடைக்குப் போய் ஒரு தகரப் பெட்டியும், ஆறு பேர் பூட்டு மாட்ட ஆறு துளை போட்ட சிவப்புக் கொக்கியும், ஆறு பூட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"கவர்மெண்ட்டு மெயின் சுவிட்ச ஆஃப் பண்டாம்பா. ஆனா பூட்டு போடல. எவனாவது வந்து ஆன் பண்டுவான். அந்த எவன் நான்தான்."

போனைப் பெட்டிக்குள் வைத்தார். அவர் பூட்டு ஒன்று, எங்கள் பூட்டு ஐந்து. பேசுவதற்கு வேறு நம்பரில் ஒரு பட்டன் போன் வாங்கிக்கொண்டார். பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் மூன்று ஷிப்டிலும் பகல் நேர ஜெனரல் ஷிப்டிலும் சிதறிக் கிடக்கிற ஆறு பேரும் சாவியோடு வர வேண்டும். அது எங்களில் ஒருவன் கல்யாணத்துக்குக்கூட நடக்காத காரியம்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணிக்கு அண்ணி வந்து நின்றார்.

"போன எடுய்யா. பாக்கணும்."

நானும் அண்ணனும் சி ஷிப்ட் முடித்து வந்திருந்தோம். பி ஷிப்ட்காரன் கிளம்பவில்லை. மூன்று பூட்டு திறந்தது. மற்ற மூன்று பேரும் வேலையில். கட்டர் கொண்டு வந்து வெட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"மாட்னவன்தான் எடுக்கணும்" என்றார் அண்ணன், வேர்க்க வேர்க்க.

"நான் வெயிட் பண்றேன்" என்று அண்ணி பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

ஏ ஷிப்ட் பையன்கள் இரண்டு பேர் நாலு மணிக்கு வந்து திறந்தார்கள். ஜெனரல் ஷிப்ட்காரன் அன்றைக்கென்று பார்த்து ஓ.டி. போட்டிருந்தான். அண்ணி நாங்கள் கொடுத்த தக்காளி சாதத்தைச் சாப்பிட்டார், பெட்டியிலிருந்து கண்ணை மட்டும் எடுக்கவில்லை. எங்களுக்குத்தான் சந்தேகம். நாங்கள் தூங்கும்போது அண்ணன் ஒவ்வொருவன் சாவியாக எடுத்துத் திறந்து ஆடியிருந்தால்? ஏழு மணிக்கு ஆறாவது பூட்டும் திறந்தது.

போன் செத்துக் கிடந்தது. சார்ஜ் போட்டு ஆன் செய்ததும் டிங் டிங் என்று அடங்காமல் அடித்தது. போனஸ், லிங்க், மறுபடியும் போனஸ். அண்ணி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முதன்முதலில் வந்த அந்த வெளிநாட்டு லிங்க்கூடத் திறக்கப்படாமல் கிடந்தது.

"ரம்மிய கவர்மெண்ட்டு மூடுச்சி. இந்த லிங்க்க யாரு மூடினது?"

"இதோ, இந்தப் பசங்க" என்றார் அண்ணன்.

அண்ணி போனைப் பெட்டியில் வைத்தார். பையிலிருந்து வீட்டுப் பூட்டு ஒன்றை எடுத்துக் கொக்கியில் மாட்டினார்.

"உன்துத மாட்டு. பசங்களுது வேணாம். இனிமே ரெண்டு பூட்டு போதும். கெளம்பு, வூட்டுக்குப் போலாம்."

பூட்டைத் துளையில் நுழைக்கவே அண்ணன் மூன்று தடவை முயன்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தவர், எங்களுக்குக் கையாட்டக்கூட மறந்துபோனார். விட்டது தொல்லை என்று மேலே ஏறி வந்தோம். ஒரு ஆள் குறைந்ததில் ரூமில் தாராளமாக இடம் இருந்தது. அவ்வளவு சந்தோஷமான ஒரு நாளிலும், அண்ணன் படுக்கிற மூலையில் பாய் விரிக்க எங்கள் ஐந்து பேருக்கும் மனசு வரவில்லை.