அறுபது நிமிடம் தாங்க வேண்டிய டூல்

என் கணக்கில் பிழை இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஆண்டு டைரி என்னிடம் இருக்கிறது. பெருக்கல், வகுத்தல், மடக்கை எல்லாவற்றையும் பல முறை சரிபார்த்திருக்கிறேன். (கடைசியாகச் சரிபார்த்தது போன மாதம்.)

2005-ஆம் வருடம் கார்த்திகை மாதம். எனக்கு இருபத்து நான்கு வயது. விருதுநகரிலிருந்து தினமும் பஸ் ஏறி, சிவகாசியில் ஒரு லேத் பட்டறைக்கு சூப்பர்வைசர் வேலைக்குப் போய்வந்தேன். பட்டறை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். "மூணு மாசம் பாப்பேன். சரியா வந்தா நிரந்தரம்" என்று சொல்லித்தான் சேர்த்திருந்தார்.

அந்த மூன்று மாதத்தின் மீது இன்னொருவரும் கண் வைத்திருந்தார். மல்லாங்கிணற்றில் மீனா என்ற பெண்ணைப் பார்த்து, எனக்குப் பிடித்து, அவளுக்கும் (அவள் சொன்னபடி) ஓரளவு பிடித்துப் பேச்சு முடிகிற கட்டத்தில் இருந்தது. பெண்ணின் அப்பா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். "மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகட்டும். மறுவாரமே பூ வச்சிருவோம்." ஆக, அண்ணாச்சி தலையாட்டினால்தான் மல்லாங்கிணற்றில் தலையாட்டுவார்கள். இரண்டு மாதமும் பதினொரு நாளும் கழிந்திருந்தன. நான் ஏதாவது சாதித்துக் காட்ட வேண்டியிருந்தது.

சாதிக்க நான் தேர்ந்தெடுத்தது ஒரு சூத்திரம்.

லேத்தில் இரும்பு சுற்றும், டூல் அதைச் சீவும். வேகத்தைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் டூலும் சீக்கிரம் மழுங்கும். எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு சீக்கிரம் என்பதைத்தான் அந்தச் சூத்திரம் சொல்கிறது. டூல் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று இரண்டு வேகங்களில் அளந்துகொண்டால், அந்த இரண்டையும் வைத்து ஓர் அடுக்கு எண்ணைக் கண்டுபிடிக்கலாம். அது கிடைத்துவிட்டால் போதும். எனக்கு ஒரு மணி நேரம் தாங்கும் டூல் வேண்டும், என்ன வேகத்தில் ஓட்டட்டும் என்று கேட்டால் சூத்திரம் பதில் சொல்லிவிடும். எங்கள் பாடப்புத்தகம் அந்த எண் சுமார் எட்டில் ஒன்று என்றது. எவரோ எங்கேயோ கண்டுபிடித்த எண்ணை நம்புகிற ஆள் நான் இல்லை. நானே அளந்தேன்.

எங்கள் லேத்தை ஓட்டியவர் செல்லையா அண்ணன். பதினெட்டு வருட அனுபவம். பேச்சு குறைவு. திங்கள் முதல் புதன் வரை நிமிடத்துக்கு இருபது மீட்டர் வேகத்தில் ஓட்டச் சொன்னேன். வியாழன் முதல் சனி வரை பெல்ட்டை மாற்றி முப்பது மீட்டர். காலை ஒன்பது மணிக்குப் புதிதாகத் தீட்டிய டூலோடு ஆரம்பிப்பார். அவர் டூலைக் கழற்றிக் கிரைண்டருக்குப் போகிற நிமிடத்தை நான் குறிப்பேன்.

"என்ன தம்பி எழுதுறீக?"

"டூல் எம்புட்டு நேரம் தாங்குதுன்னு பாக்கேன்ணே."

"எழுதுங்க, எழுதுங்க" என்றார். ஒரு மனிதர் உதவி செய்ய மறுத்த விதம் இது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதல் மூன்று நாளும் டூல் சரியாக நூற்று இருபது நிமிடம் தாங்கியது. அடுத்த மூன்று நாளும் சரியாகத் தொண்ணூறு. ஒரு நிமிடம் முன்பின் இல்லை. இரும்புக்குள் இப்படியொரு ஒழுங்கா என்று எனக்குக் கண் கலங்கியது. (டைரியில் 'இயற்கை என்றும் தவறுவதில்லை' என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.) ஞாயிறு முழுக்கக் கணக்குப் போட்டேன். அடுக்கு எண் ஒன்று புள்ளி நான்கு ஒன்று. புத்தகம் சொன்னதைப்போலப் பதினொரு மடங்கு. சாதாரண மனிதன் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பான். நான் புத்தகத்தின் மேல் பரிதாபப்பட்டேன். குளிர் நாட்டில் போட்ட கணக்கு சிவகாசி வெயிலுக்கு எப்படிப் பொருந்தும்?

என் எண்ணின்படி, ஒரு மணி நேரம் தாங்க வேண்டிய டூலை ஐம்பத்து மூன்று மீட்டர் வேகத்தில் ஓட்டலாம்.

திங்கட்கிழமை காலையிலேயே அச்சகம் நடத்துகிற ஒரு பிரஸ்காரர் பட்டறைக்குள் ஓடிவந்தார். காலண்டர் சீசன். காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடிக்கிற மெஷினின் ஷாஃப்ட் உடைந்துவிட்டது. லோடு ஏற்ற சாயங்காலம் லாரி வரும். அண்ணாச்சி தேடிப்பார்த்ததில், அந்தக் கனத்துக்குப் பட்டறையில் இருந்தது ஒரே ஒரு இரும்புத் துண்டு.

"மதியம் சாப்பாட்டுக்குள்ள தந்துரலாம்" என்றார் செல்லையா அண்ணன்.

"ஒரு மணி நேரத்துல தரலாம்" என்றேன் நான்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிரஸ்காரர் என்னைப் பார்த்த பார்வையில் மல்லாங்கிணற்றுக் கல்யாண மண்டபமே தெரிந்தது. இரும்பின் மேல் டூலை நாலு ஓட்டு ஓட்ட வேண்டும், ஐம்பத்து மூன்று மீட்டரில் ஐம்பத்து நான்கு நிமிடம் ஆகும், டூல் அறுபது நிமிடம் தாங்கும், ஆறு நிமிடம் மிச்சம் என்று டைரியைத் திறந்து காட்டினேன்.

"தம்பி, இந்த டூல் அந்த வேகத்துக்கு நிக்காது" என்றார் செல்லையா அண்ணன்.

"கணக்கு இருக்குண்ணே."

"கணக்கு இருக்கா? அப்பச் சரி." பெல்ட்டை மாற்றினார், மெஷினைப் போட்டார், சுற்றுகிற இரும்பில் டூலைக் கொடுத்தார். பிறகு ஓட்டுகிற கையை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு, உடம்பை எவ்வளவு பின்னால் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்துக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இருபதாவது விநாடியில் சீவல் நீலமாக வந்தது. நாற்பதாவது விநாடியில் லேத் ஊளையிட்டது. ஐம்பத்தைந்தாவது விநாடியில் டூலின் மூக்கு உருகி, ஷாஃப்டைத் தோண்டி, 'டமார்' என்று ஒடிந்தது. புகை கூரைவரை போனது.

எங்கள் பக்கம் 'டமார்' என்று கேட்டால் என்னவென்று யாரும் கேட்பதில்லை. முதலில் ஓடுவார்கள், தூரத்தில் நின்றுதான் கேட்பார்கள். பக்கத்துக் கொட்டகையில் பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த இருபது பெண்களும் கையில் பசையோடு ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றார்கள். இரும்புதான் என்று தெரிந்ததும் அவர்களில் ஒரு அக்கா, "ஏய்யா, ஒடைக்கிறதச் சொல்லிட்டு ஒடைக்கக் கூடாதா? உசுரு போயிட்டு வருது" என்று என்னை வைதார். நியாயமான கோபம். அன்றைக்கு என் பக்கம் வந்த கோபங்களில் அது ஒன்றைத்தான் நான் இன்றும் ஒப்புக்கொள்கிறேன்.

ஷாஃப்டில் விரல் நுழைகிற பள்ளம். அந்த இரும்பு இனி எதற்கும் ஆகாது. நான் செல்லையா அண்ணனிடம் திரும்பினேன்.

"அண்ணே, சனிக்கிழமை தொண்ணூறு நிமிசத்துல டூல மாத்துனீகளா இல்லையா?"

"மாத்துனேன்."

"மழுங்குனதாலதானே மாத்துனீக?"

"மழுங்குச்சுன்னு யாரு சொன்னா? காதர் பாய் டீ கொண்டாந்தாரு. மாத்துனேன்."

நான் டைரியில் சனிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன்.

"எனக்குச் சூடா டீ குடிச்சா ஆகாது தம்பி. கிளாஸ மூடி வச்சுட்டு, ஆறுற வரைக்கும் சும்மா எதுக்கு நிக்கணும்னு டூலக் கழட்டித் தீட்டிருவேன். எப்பயும் அப்பிடித்தான்."

"அப்ப மொத மூணு நாளு நூத்தி இருவது நிமிசம்?"

"அப்ப பாய் சைக்கிள்ல வந்தாரு. பதினோரு மணி ஆயிரும். வியாழக்கிழமை பழைய மொபெட்டு ஒண்ணு வாங்கிட்டாருல்ல, பத்தரைக்கே வந்துர்றாரு."

"இதை ஏண்ணே என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே. குறிச்சீக. நல்லாத்தான் குறிச்சீக."

பிரஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தார். "அண்ணாச்சி, நான் ஷாஃப்ட் கேட்டு வந்தேன். உங்க இஞ்சினியரு பாய் வண்டிக்கு மைலேஜ் பாத்துருக்காரு."

மதுரையிலிருந்து இரும்பு வந்து, மறுநாள் மதியம் முப்பது மீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் தயாரானது. லாரி ஒரு நாள் காத்திருந்தது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, ஒன்னைய நிறுத்தல. ஒரு வருசம் செல்லையாகிட்ட ஹெல்ப்பரா நில்லு. நோட்டு, பேனா ஒண்ணும் கொண்டாராத. நிரந்தரத்தப் பெறகு பாப்போம்."

செய்தி மல்லாங்கிணற்றுக்கு என்னைவிட முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. மீனாவின் அப்பா கோபப்படவில்லை, சிரித்திருக்கிறார். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "ஒரு வருசந்தானே, பொறுப்போம்" என்றாராம். என் கல்யாணம் பதினான்கு மாதம் தள்ளிப்போனது. அடுக்கு எண்ணாகப் புத்தகத்தின் எட்டில் ஒன்றைப் போட்டிருந்தால், அந்த டூல் ஒரு நிமிடம் தாங்கினாலே பெரிது என்று சூத்திரமே சொல்லியிருக்கும். நிரந்தரமான பிறகு, மழுங்கினால் மட்டும் மாற்றும்படி செல்லையா அண்ணனைக் கெஞ்சிக் கேட்டு மறுபடியும் அளந்தேன். புத்தகத்தில் இருந்த எண்தான் வந்தது. அதையும் டைரியில் குறித்திருக்கிறேன், சின்ன எழுத்தில்.

இப்போது எங்கள் வீட்டில் நான் எதை நிச்சயமாகச் சொன்னாலும் இதுதான் நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் ஆறே காலுக்கு வெளியே கிளம்புகிறார், நடைப்பயிற்சிக்குத்தான் போகிறார் என்று போன வாரம் சொன்னேன். மீனா நிமிர்ந்தே பார்க்காமல், "கேட்டீகளா?" என்றாள். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டிருந்த மகளும் அதே தொனியில், "கேட்டீகளாப்பா?" என்றாள்.

கேட்கவில்லை. ஆனால் பத்து நாளாகக் குறித்திருக்கிறேன்.