ஒட்டுப்போட்ட பெயர்

லிங்கராஜபுரம்,
செவ்வாய்க்கிழமை.

ஹெப்பகோடியில் மகன் வீட்டில் இருக்கும் அன்புக்குரிய அக்கா ரத்தினம்மாள் அவர்களுக்கு, தம்பி மதலைமுத்து பணிவுடன் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் நலமா? போனிலேயே சொல்லலாம்தான். நீங்கள் நடுவில் பேசுவீர்கள், அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். டீனாவின் குழந்தைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பெயர் இன்னும் முடிவாகவில்லை. அப்பா பெயரில் கொஞ்சம், அம்மா பெயரில் கொஞ்சம் வெட்டி ஒட்டிப் பிள்ளைக்கு வைக்கும் நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் வீட்டில் இருக்கிறானே என்று மாப்பிள்ளை டேரில் என்னிடம் கேட்டார். நானும் சும்மா இராமல், சொற்கள் சேருவது எல்லா மொழியிலும் உண்டு, தேனும் கூடும் சேர்ந்து தேன்கூடு, மின்னும் விசிறியும் சேர்ந்து மின்விசிறி, இங்கிலீஷ்காரன் டூத்தையும் பிரஷ்ஷையும் சேர்த்தான், கன்னடத்தில் ஹாலுஜேனு என்றால் பாலும் தேனும் என்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். 'டேரிடீனா' என்று ஒன்றைச் செய்தும் கொடுத்தேன். அங்கே பிடித்தது சனி.

அன்று மாலையே காக்ஸ் டவுனிலிருந்து சம்பந்தியம்மா மௌரீன் ஆட்டோவில் வந்து இறங்கினார். "பையனை வளத்தது யாரு பிரதர்? என் பேரு எங்க?" என்றார். சரி என்று முன்னால் ஒரு 'மௌ' வைத்தேன். காபி ஆறுவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு இருந்திருந்தா கேட்டிருப்பாரு" என்று காலமான கணவர் டென்சிலையும் சேர்க்கச் சொன்னார். போனவர் மேல் எனக்கென்ன பகை, ஒரு 'டென்' செருகினேன். தண்ணீர் மோட்டார் போட வந்த வீட்டு ஓனர் கோவிந்தப்பா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொண் கொழந்தை ஸ்வாமி, கடைசில ஒரு அம்மா சேத்துடுங்க, இல்லாட்டி பேரு மாதிரியே இருக்காது" என்றார். ஓனர் பேச்சைத் தட்ட முடியுமா? ஆக இப்போது குழந்தையின் பெயர் மௌடென்டேரிடீனாம்மா. சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்லும் மாத்திரை மாதிரி இருக்கிறது. "அட்டெண்டன்ஸ் எடுத்து முடிக்கிறதுக்குள்ள ஸ்கூல் பெல் அடிச்சிடும்பா" என்று டீனா அழுகிறாள். ஓர் எழுத்து குறைந்தாலும் கோயிலுக்கு வரமாட்டேன் என்று மௌரீன் சொல்லிவிட்டார். அம்மா வராமல் ஞானஸ்நானமே வேண்டாம் என்கிறார் டேரில். ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிட, யாரைத் திரும்பிப் பார்ப்பது என்று தெரியாமல் குழந்தை விழிக்கிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது, அக்கா.

எனக்கு இதில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மின்னை முன்னால் வைத்ததற்காக எந்த விசிறியும் கோபித்துக்கொண்டு சுற்றாமல் நின்றதில்லை. மனிதர்களுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை, அவ்வளவுதான். என் பெயரில் ஒரு துண்டுகூட அதில் இல்லை, நான் கேட்கவும் இல்லை என்பதைக் கவனிக்கவும். ஞானத்தாய் நீங்கள்தான்; உங்கள் பேச்சை மௌரீன் மீறமாட்டார். சனிக்கிழமையே வந்து, 'ஸ்டெல்லா' என்று ஒரே சொல்லாக வைத்துவிடுங்கள் என்று அடித்துச் சொல்லவேண்டும். இந்த விஷயத்தில் ஆசை இல்லாத ஆள் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான்.

மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர். எங்களையும் உங்கள் செபமாலையில் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாசமுள்ள தம்பி,
மதலைமுத்து.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது டீனா வந்தாள். "அத்தைக்கா எழுதுறீங்க? அவங்க நேத்தே என் மாமியாருக்குப் போன் பண்ணி, ஞானத்தாய் பேரு இல்லாம எப்படின்னு கேட்டு, ரத்தினத்தைச் சேத்தாச்சுப்பா" என்கிறாள். நல்லது. எப்படியும் பெயர் நீண்டுவிட்டது. ரத்தினத்துக்குப் பக்கத்திலேயே முத்து என்று ஒன்றையும் போட்டுவிடச் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்லவேண்டாம்.