பெண் பார்க்கப் போய் ப்ராசஸர் பார்த்த கதை

'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும். அந்த வார்த்தை மட்டும் என் வாயில் வராது. பிறவிக் கோளாறு.

அப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் இரும்பு கடையும் சிஎன்சி மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு ஸ்கிரீன் இருக்கும். அதை வைத்தே தரகர், "பையன் கம்ப்யூட்டர்ல வேலை செய்றான்" என்று திருநின்றவூரில் பெண் வீட்டில் சொல்லிவிட்டார். (நான் மறுக்கவில்லை. பொய் சொன்னது அவர்தானே!)

பெண் பார்க்கப் போனோம். சுகந்தியைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான். தனியாகப் பேச ஐந்து நிமிடம் விட்டார்கள். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் அவள் கேட்டாள்: "கேம் ஆட ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணணுங்க. சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்கினு இருக்கேன். அந்தப் பட்ஜெட்டுக்கு எந்த ப்ராசஸர் வாங்கலாம்?"

"ரெண்டு நாள்ல சொல்றேன்" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

ஷிஃப்ட் முடிந்ததும் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ப்ராசஸர்தான் கம்ப்யூட்டருக்கு மூளை என்றார்கள், கோர் என்றார்கள், த்ரெட் என்றார்கள். ஒரு மண்ணும் புரியவில்லை. கடைசியில், கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரண்டு ப்ராசஸர் கண்ணில் பட்டன. ஒன்று விலை குறைவு. ஏன் குறைவு என்று யோசிக்கிறவன் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டான். அதையே வாங்கச் சொன்னேன். நானே வந்து மாட்டித் தருவதாகவும் வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மொத்தக் குடும்பமும் சுற்றி உட்கார, மாட்டி முடித்து பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. ஸ்கிரீன் கும்மிருட்டு.

"இன்னா தம்பி, படமே வர்ல?" என்றார் சுகந்தியின் அப்பா.

"வயர் லூசுங்க."

வயரை மாற்றினேன். இருட்டு. "மானிட்டர் சரியில்லைங்க" என்றேன். பக்கத்து வீட்டு மானிட்டர் வந்தது. அதுவும் இருட்டு. விடுவேனா? மூன்று மணி நேரம் கழற்றிக் கழற்றி மாட்டினேன். எனக்கு வைத்த வடை ஆறிப்போனது.

சுகந்தி போனில் எதையோ படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இந்த ப்ராசஸர்ல கிராபிக்ஸே கிடையாதாம். தனியா கார்டு போட்டாத்தான் படம் வருமாம். கையில இருந்ததெல்லாம் போட்டுட்டேன், கார்டுக்கு எங்க போவேன்? உங்களுக்கு இது தெரியாதா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சம்பந்தம் கைவிட்டுப் போவது கண்ணெதிரே தெரிந்தது. "தெரியாதுங்க. கம்ப்யூட்டரே தெரியாது. மெஷின்ல பச்சை பட்டன், சிவப்பு பட்டன், அவ்ளோதான் தெரியும். ஆனா கட்டினா உங்களைத்தான் கட்டுவேன். அந்தக் கார்டை நான் வாங்கித் தர்றேன்."

அவள் அப்பாதான் முதலில் சிரித்தார். "மூணு அவரா பேஜாரு பண்ணிக்கினு இருந்த. கடைசில ஒரு உண்மையாச்சும் சொன்னியேப்பா!"

சுகந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எந்தக் கார்டுன்னு நான் பாத்து சொல்றேன். நீங்க காசு மட்டும் குடுங்க" என்றாள்.

கல்யாணம் நடந்தது. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் எது வாங்கினாலும் முதலில் என்னைக் கேட்பார்கள். "மாப்ள இன்னா சொன்னாரு? அப்ப அது வாணாம்" என்பார் மாமனார். உடனே வேறொன்றை வாங்குவார்கள். போன மாதம் எங்கள் வீட்டுக்கு டிவி வாங்கப் போனோம். எனக்குப் பெரிய டிவி மேல்தான் ஆசை. ஆகவே சாமர்த்தியமாக, "சின்னதுதான் கண்ணுக்கு நல்லது" என்றேன்.

முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டுவிட்டார்கள்.