கடலில் உட்கார்ந்த மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் தலை நிமிர்ந்து எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். எனக்குச் சளி ஒன்றுதான் கூடுதல். அங்கு தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பதாகவும், தங்கள் ரத்தக் கொதிப்பு ஓர் அளவில் இருப்பதாகவும் நம்புகிறேன். இல்லாவிட்டால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படிக்கவும், ஏனென்றால் வந்திருப்பது வெற்றிச் செய்தி.

நாங்கள் புறப்பட்ட அன்று தாங்கள் வாசலை மறித்து நின்று, "ரிட்டயரான டிராயிங் டீச்சருக்கு இந்த வயசுல கடற்கரையில என்ன வேலை? உப்புக்குப் பெறாத வேலை! பத்தே நாள்ல ரெண்டு பேரும் பெட்டியத் தூக்கிட்டு வந்து நிப்பீங்க" என்று சொன்னீர்கள். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். நானும் மரியாதைக்காகச் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை இக்கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்குகிறேன்.

உங்கள் தங்கைக்குக் கலைஞர் ரெசிடென்சியில் இடம் கிடைத்திருக்கிறது என்றதும் நல்ல லாட்ஜ் என்றுதான் நானும் நினைத்தேன். வந்து பார்த்தால் பழைய உப்புக் கிடங்கு. சுவரில் கை வைத்தால் கையில் உப்பு, தலையணையில் முகம் வைத்தால் முகத்தில் உப்பு. கலைஞர்களை மூன்று மாதம் இங்கே தங்கவைத்து, சாப்பாடு போட்டு, உப்பையும் கடலையும் மாறிவரும் பூமியையும் பற்றி எதையாவது செய்யச் சொல்கிறார்கள். ஒருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அலைச் சத்தத்தைப் பதிவு செய்கிறார். "ஏன் தம்பி, போன வருஷ அலைக்கும் இந்த வருஷ அலைக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். "போன வருஷம் அலை அங்க உடைஞ்சுது சார், இந்த வருஷம் இங்க உடையுது" என்றார். நான் சிரித்தேன். அப்போது சிரித்தேன்.

கிடங்குக்கு முன்னால் ஒரு காலத்தில் உப்பளத்துக்காரர்கள் குடியிருந்த தெரு ஒன்று இருந்ததாம். கடல் ஏறி வந்து உப்பளத்தைத் தின்று, பசி அடங்காமல் தெருவையும் தின்றுவிட்டது. அங்கே கடைசியாக வீட்டைக் காலி செய்தவரை எல்லோரும் கடைசி வீட்டம்மா என்றே கூப்பிடுகிறார்கள். அவர் உங்கள் தங்கையைக் கைபிடித்து ஈர மணலில் நடத்திக்கொண்டு போய், "இது வாசப்படி. இது அடுப்படி. இங்கதான் எல்லாரும் உக்காந்து சாப்பிடுவோம்" என்று காட்டினார். உங்கள் தங்கை அன்று முழுக்க வாயே திறக்கவில்லை, மச்சான். உங்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று. மறுநாள் எழுந்ததும், "என்னங்க, அதே இடத்துல அந்தச் சாப்பாட்டு மேசையைத் திரும்பப் போடப்போறேன்" என்றாள்.

போட்டாள். மேசை, நாற்காலி, தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் உப்புத் தொட்டியில் ஊறவைத்துக் காயவைத்தாள். மேலெல்லாம் உப்பு கற்கண்டு போலப் பூத்துவிட்டது. அந்த வீட்டு மனிதர் உடுத்தியதாக இருக்கட்டும் என்று என் நல்ல பேண்ட்டையும் கேட்காமலே ஊறப்போட்டாள். எடுத்துத் தரையில் வைத்தால், என் உதவி இல்லாமல் அது தானாகவே நிற்கிறது!

கண்காட்சித் திறப்பு நாளன்று அந்த மேசையில் தனியாக உட்கார்ந்து, கடல் ஏற ஏற அசையாமல் சாப்பிட வேண்டிய நாடக நடிகர் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். கரையில் திருவிழாக் கூட்டம். பெரிய கலைக்கூடத்திலிருந்து படைப்புகளைத் தேர்வு செய்ய ஓர் அம்மையார் வேறு வந்து நிற்கிறார். உங்கள் தங்கையின் முகம் சுண்டிவிட்டது. என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் உக்கார்றேன்" என்றேன்.

"வேணாங்க. அஞ்சு மணிக்குக் கடல் ஏறும்னு போட்டிருக்கு."

முப்பது வருஷம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். எந்த பஸ் போட்ட நேரத்துக்கு வந்திருக்கிறது, கடல் வருவதற்கு? அரை மணி லேட்டாகும் என்று தைரியமாகப் போய் உட்கார்ந்தேன். ஒத்திகையில் நாற்காலி மிதந்ததைப் பார்த்திருந்ததால், முன்ஜாக்கிரதையாக என் இடுப்பை நாற்காலியோடும், நாற்காலியை இரும்பு மேசையோடும் கயிற்றால் கட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

கடல் போட்ட நேரத்துக்கும் முன்னாலேயே வந்துவிட்டது. முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து! முடிச்சு ஊறி இறுகிப்போய் நகத்துக்கு அசையவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். நான் இரண்டையும் ஒரே மடக்கில் முடித்தேன். "ஐயோ, யாராவது வாங்களேன்! தண்ணி ஏறுது! கண்ணு முன்னால முழுகுறேன், பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே!" என்று கத்தினேன். கரையில் கைதட்டல். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். வந்த கோபத்தில் அவர்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல்.

அப்போதுதான் கடைசி வீட்டம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "அடப்பாவிகளா, அந்த ஆளு நிஜமாத்தான் கத்துறாரு! எங்களையும் இப்படித்தான் பாத்துக்கிட்டு நின்னீங்க!" என்று தண்ணீரில் இறங்கினார். அவருக்கும் முன்னால் உங்கள் தங்கை கத்தரிக்கோலோடு பாதி தூரம் வந்திருந்தாள். "அறிவிருக்கா உங்களுக்கு? யாரைக் கேட்டுக் கட்டுனீங்க?" என்று திட்டிக்கொண்டே அழுதுகொண்டே கயிற்றை வெட்டினாள். இருவரும் ஆளுக்கொரு கையாக என்னைக் கரைக்கு இழுத்து வந்தபோது ஒருவர்கூடத் தட்டவில்லை. தூக்கிய போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. தேர்வு செய்ய வந்த அம்மையார் உங்கள் தங்கையின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கைதட்டல் நின்னுச்சு பாருங்க, அதுதாம்மா உங்க படைப்பு" என்றார்.

விளைவு: அந்த மேசை இனி நான்கு கடற்கரைகளுக்குப் போகிறது! கடல் தின்ற தெருவின் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. என் படமும் வந்திருக்கிறது, வாய் திறந்த நிலையில். கத்தரித்து இணைத்துள்ளேன், சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டவும். நான்கு ஊரிலும் கத்த வேண்டுமே என்று இப்போதே காலையில் தொண்டைக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, நீச்சலும் கற்று, நீடூழி வாழ்க. இக்கடிதத்தை அன்று சிரித்த அக்கம்பக்கத்தார் முன்னிலையில் உரக்கப் படிக்கவும்.

இப்படிக்கு,
வெற்றியுடன்,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, கவரை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன் நான் நாலு வரி எழுதுகிறேன். தண்ணீர் அவருக்கு இடுப்பைத் தாண்டவில்லை. ஆனால் அவர் கத்தியதும் எனக்கு உயிர் போய் வந்ததும் நிஜம். நாலு கடற்கரைக்கும் நான் மட்டும்தான் போகிறேன். ஆளே வேண்டாமாம், காலி நாற்காலிதான் இன்னும் உருக்கமாக இருக்குமாம். அவரிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுகிறேன், அங்கே நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் திரும்பும்வரை அண்ணியும் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையைத் தினமும் சொல்வார். தினமும் புதிதாகக் கேட்பதுபோல் கேளுங்கள். முடிந்ததும் கை மட்டும் தட்டிவிடாதீர்கள். யாராவது தட்டினால் இப்போதெல்லாம் இடுப்பைத் தடவிப் பார்க்கிறார்.