அடுப்பில் ஏறக் கூடாத சட்டி

பெரிய இரும்புச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மரியநாயகம் பின்வேலிப் படலையைத் திறந்தபோது, முதுகுக்குப் பின்னால் பெண்சாதியின் குரல் கேட்டது.

"சட்டியை எங்க கொண்டு போறீங்க?"

ஐம்பத்தெட்டு வயதில் புதிதாகத் திருட்டுப் பழகினால் இப்படித்தான் ஆகும். மனிதர் நின்ற இடத்திலேயே நின்றார். பதில் சட்டிக்குள்ளிருந்து வந்தது.

"ஓட்டை அடைக்க."

"அதில ஓட்டையே இல்லையே."

"விழப் பாக்குது."

அனஸ்தாசியா கிட்ட வந்து சட்டியை உயர்த்தி, அதன் கீழே இருந்த முகத்தைப் பார்த்தாள். கிறிஸ்து பிறந்த நத்தார்த் திருநாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மூத்த மகள் பிரான்சிஸ்கா புருசன் பிள்ளைகளோடு புத்தளத்திலிருந்து வரப்போகிறாள். மாப்பிள்ளை பஸ்தியான் இங்கிலீசு படித்து அரசாங்கக் கந்தோரில் கிளாக்கு வேலை பார்க்கிறவன். அவர்களுக்கு எண்ணெய்ப் பலகாரமாகக் கொக்கிஸ் சுட வேண்டும், சிப்பி சுட வேண்டும். வீட்டில் இருப்பதோ இந்த ஒரு சட்டி.

"ஹவ்வா உம்மா கேட்டவ" என்று அயல்வீட்டுக்காரியைச் சாட்டினார் மரியநாயகம்.

"ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சு ஒரு கிழமையாச்சு. அவவுக்கு இப்ப என்னத்துக்குச் சட்டி?"

"நெல்லு அவிக்கவாம்."

"கூப்பனுக்கு அளக்கிற அரிசி திங்கிற மனுசியிட்ட நெல்லு எங்கால?"

மரியநாயகம் சட்டியை மறுபடி தலையில் கவிழ்த்துக்கொண்டார். வேகமாக நடந்துவிட்டார்.

சங்கதி இதுதான். நாலு நாளைக்கு முன்னால், அவர் கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது, தபால்காரன் சாஹுல் ஹமீது மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு கவரை நீட்டினான்.

"இங்கிலீசுத் தந்தி. மேல என்னவோ கிடக்கு, கீழ உங்கட பேரும் மாம்புரியும் கிடக்கு. எனக்கு வீடு தெரிஞ்சாப் போதும்" என்றவன், அவர் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனான்.

அந்த வருஷம் அந்தக் கரைக்கு அதற்கு முன் இரண்டு தந்தி வந்திருந்தது. இரண்டும் யுத்தத்துக்குப் போன பிள்ளைகளின் சாவுச் செய்தி. அதற்குப் பிறகு மாம்புரியில் தந்தி என்றால் உடைத்துப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. மரியநாயகத்தின் ஒரே மகன் லோறன்ஸ் பட்டாளத்துக்குப் போய் இரண்டு வருஷம். அயலில் தென்னந்தோட்டத்துக் குடிசையில் இருக்கும் ஹவ்வா உம்மாவின் மகன் ஹிஸ்புல்லாவும் அவனும் ஒன்றாகத்தான் கொழும்புக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். எகிப்துப் பக்கத்திலிருந்து இருவரும் ஒரே கவரில், இவர் விலாசத்துக்கே கடிதம் போடுவார்கள். இவர் தன் மகனுடையதையும் வாசிப்பார், அவளுடைய மகனுடையதையும் வாசித்துக் காட்டுவார்.

மரியநாயகத்துக்கு இங்கிலீசு தெரியாது. கோயில் சுவாமியாருக்குத் தெரியும். ஆனால் சுவாமியாரிடம் கொண்டுபோனால் அன்று பின்னேரமே சாவுமணி அடிக்கும். அனஸ்தாசியாவுக்கு இன்னும் ஒரு நத்தாராவது இருக்கட்டும் என்று நினைத்தார். நத்தார் முடிந்த மறுநாள் கொண்டுபோவோம், அதுவரை உடைக்கவே வேண்டாம். உடைக்காத வரைக்கும் பிள்ளை பாதி உயிரோடாவது இருப்பான் என்று அவருக்கு ஒரு பைத்தியக்கார எண்ணமும் இருந்தது. அலுமாரியில் நத்தாருக்கென்று மடித்து வைத்திருந்த தன் வெள்ளைச் சேட்டின் பைக்குள் தந்தியை வைத்துப் பூட்டினார்.

எல்லாம் சரி, ஒன்றைத்தான் மறந்துபோனார். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. அயலவர்கள்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அனஸ்தாசியா இதில் மகா கண்டிப்பு. தகப்பன் செத்த வருஷம் அவள் ஒரு அப்பளம்கூடப் பொரிக்கவில்லை. பிள்ளை செத்துக் கிடக்க நான் கொக்கிஸ் சுட்டேனா என்று பிறகு அவளுக்குத் தெரிந்தால், அவரையும் மன்னிக்க மாட்டாள், தன்னையும் மன்னிக்க மாட்டாள்.

ஆகவே பலகாரம் சுடவும் கூடாது, ஏன் கூடாது என்று அவளுக்குத் தெரியவும் கூடாது. இதைச் சாதிக்க ஒரு மந்திரி வேண்டும். மரியநாயகம் வலை இழுக்கிறவர்.

"எனக்கு எதுக்கு அண்ணன் இவ்வளவு பெரிய சட்டி?" என்று கேட்டாள் ஹவ்வா உம்மா. "நான் ஒருத்திதானே இரிக்கன்."

"கிடக்கட்டும். நத்தார் முடிய எடுக்கிறன்."

"கடுதாசி ஏதும் வந்திச்சா?"

"இல்ல."

"ரெண்டு மாசமாகுது. வந்தா ஒண்டாத்தான் வரும். உங்கட பொடியன் மறந்தாலும் என்ட மகன் எழுத மறக்க மாட்டான்."

மரியநாயகம் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவளுடைய பிள்ளை இருக்கிறான், என் பிள்ளை இல்லை. பதினைந்து வருஷமாக அயலில் இருக்கும் அந்தப் பெண்மீது அவருக்கு முதல் தடவையாகப் பொறாமை வந்தது. வந்ததும் வெட்கமாகவும் இருந்தது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

சட்டி போனால் இன்னொரு வீட்டுச் சட்டி வரும். சீனி போனால் எங்கிருந்து வரும்? அடுத்த நாள் அவர் சீனிப் பேணியைத் தூக்கினார். அனஸ்தாசியா மூன்று மாதம் வெறுந்தேத்தண்ணி குடித்து மிச்சம் பிடித்த கூப்பன் சீனி. நத்தார் முடியத் திருப்பி வைத்துவிடலாம் என்று தோணியின் முன்பக்க அணியத்துக்குள் ஒளித்தார். அன்று பார்த்துக் கடல் பெருத்தது. பின்னேரம் பேணியைத் திறந்தால் உள்ளே கொஞ்சம் இனிப்பான கடல்தண்ணீர் இருந்தது.

"எறும்பு கொண்டு போயிருக்கும்" என்றார்.

"பேணியோடயா?" என்று கேட்டாள் அனஸ்தாசியா.

அவள் படலையில் நின்று அழுதாள். அழுதால் மாம்புரியில் நாலு வளவுக்குக் கேட்கும். பொழுதுபடுவதற்குள் ஆளுக்கொரு சிரங்கை சீனி வந்து சேர்ந்தது. தென்னந்தோட்டம் பார்க்கும் இன்னாசிப்பிள்ளை ஒரு பெட்டி கருப்பட்டியே அனுப்பிவிட்டார். தொலைந்தது ஒரு பேணி, வந்தது மூன்று பேணி. மரியநாயகம் எல்லாருக்கும் நன்றி சொல்லிச் சொல்லியே களைத்துப்போனார்.

இனி உடம்பைத்தான் பணயம் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் படுத்தார்.

"வைத்தியம் பாக்கிற வெதமாத்தயாவைக் கண்டனான். எண்ணெய் மணமே ஆகாதாம். மூக்கில பட்டாலும் குடலைத் தூக்குமாம்."

"எப்ப கண்டீங்க? பூசைக்கு என்னோட போய் என்னோட வந்த ஆள்."

"பூசைக்குள்ள."

"அவர் புத்த சமயம்."

அனஸ்தாசியா மேலே வாதாடவில்லை. உள்ளே போய் ஆமணக்கெண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். எண்ணெய் வேண்டாம் என்று மல்லுக்கட்டிய மனிதருக்கு அன்று இரண்டு கரண்டி எண்ணெய் உள்ளே போனது. அடுத்த இரண்டு நாளும் அவர் பின்வளவிலேயே குடியிருந்தார்.

மூன்றாம் நாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் கனிந்திருந்தது.

"உங்களுக்கு எண்ணெய் ஆகாட்டிப் பரவாயில்ல. கொக்கிஸை விடுவம். தொதல் கிண்டுவம். அதுக்கு எண்ணெய் ஊத்தத் தேவையில்ல. லோறன்ஸுக்கும் தொதல்தானே உயிர். ஹவ்வா உம்மாவை வரச் சொல்லியிருக்கிறன், அவட கைக்குத்தான் தொதல் வசப்படும்."

மரியநாயகம் பாயில் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். வாய் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

நத்தாருக்கு முதல் நாள் காலையில் ஹவ்வா உம்மா வந்தாள். பின்வேலிப் படலையால், தலையில் அதே சட்டியோடு.

தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாவும் சட்டிக்குள் இறங்கின. தொதல் கிண்டுவதென்றால் சும்மாவா. அகப்பையை ஒரு நிமிஷம் விட்டால் அடிப்பிடிக்கும். இரண்டு பெண்களும் மாறி மாறிக் கிண்டினார்கள். கை ஓய்ந்தபோது மரியநாயகத்தைப் பிடித்து அகப்பையைக் கொடுத்தார்கள். ஏறவே கூடாதென்று அவர் பத்து நாளாகப் பாடுபட்ட சட்டியை அவரே நின்று கிண்டினார்.

"அண்ணன், நல்லா அடி வரைக்கும் கிண்டுங்க" என்றாள் ஹவ்வா உம்மா. "இந்த அடிச்சட்டிக்குத்தானே ரெண்டு பேரும் அடிபடுவாங்க. ஒருக்கா என்ட மகன் உங்கட மகன்ட காதைக் கடிச்சிட்டான், ஞாபகம் இரிக்கா?"

"ஓம்" என்றார் மரியநாயகம்.

"காயத்துக்கு நான் மஞ்சள் வச்சன். கடிச்சவன் அதையும் நக்கிப் பாத்தான், தொதல் எண்டு நினைச்சு."

அனஸ்தாசியா சிரித்தாள். கொஞ்ச நாளாக அவள் அப்படிச் சிரித்ததில்லை. மரியநாயகத்துக்குக் கண் முட்டி வழிந்தது. புகை என்றார். யாரும் கேட்காமலே இன்னொரு தடவையும் புகை என்றார்.

தொதல் திரண்டு, ஊற்றாத எண்ணெயைத் தானே கக்கத் தொடங்கியது. எப்படித் தடுத்தாலும் எண்ணெய் வந்தேவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"அக்கா" என்றாள் ஹவ்வா உம்மா, "ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு துண்டு இலையில சுத்தி எடுத்து வைங்க. தொதல் லேசில கெடாது. வாறவரைக்கும் இரிக்கும்."

மரியநாயகம் அகப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

மத்தியானம் பிரான்சிஸ்கா குடும்பம் வந்து இறங்கியது. களப்பில் காற்று அடித்து, வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறி, பஸ்தியான் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். பிள்ளைகள் நேரே தொதல் மணத்தைத் தேடிக் குசினிக்குள் ஓடினார்கள். வீடு சந்தைபோல் ஆகிவிட்டது. மரியநாயகம் கடைசிப் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு, இந்தச் சத்தம் இன்னும் இரண்டு நாளைக்கு இருந்தால் போதும் ஆண்டவரே என்று மன்றாடினார்.

அப்போதுதான் பஸ்தியான் அறைக்குள்ளிருந்து வெளியே வந்தான். உடம்பில் வெள்ளைச் சேட்டு. கையில் கவர்.

"மாமி மாத்திக்கொள்ள இந்தச் சேட்டைத் தந்தவ. பைக்குள்ள தந்தி ஒண்டு உடைக்காமக் கிடக்கு, மாமா."

மரியநாயகம் பேத்தியை இறக்கிவிட்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார்.

"வாசிக்காத தம்பி. நத்தார் முடியட்டும்."

"எப்ப வந்தது?"

"ரெண்டு கிழமையாகப் போகுது. மாமிக்குத் தெரியாது." அவர் மாப்பிள்ளையின் கையை விட்டார். "எங்கட லோறன்ஸ் போயிட்டான், தம்பி."

வாய்விட்டு அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் அழுதார். பஸ்தியான் என்ன செய்வதென்று தெரியாமல் கவரைக் கிழித்தான். வாசித்தான். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான்.

"மாமா, லோறன்ஸ்ட பேர் இதில இல்ல."

"வடிவாப் பார்."

"ரெண்டு தரம் பாத்திட்டன். செத்தது வேற பொடியன். எங்கட லோறன்ஸ் இல்ல."

மரியநாயகம் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தார். முதலில் ஒரு விக்கல் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சட்டியும் சீனியும் ஆமணக்கெண்ணெயும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வளவெல்லாம் கேட்டது.

குசினிக்குள்ளிருந்து ஹவ்வா உம்மா குரல் கொடுத்தாள்.

"அண்ணன் சிரிக்கிறார். நல்ல சேதி போல. எங்களுக்கும் சொல்லுங்களேன்."

"சொல்லுறன், வந்து சொல்லுறன்" என்று கத்திவிட்டு, மரியநாயகம் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "அப்ப என்ன சனியனுக்குத் தம்பி இது எங்கட வீட்டுக்கு வந்தது?"

பஸ்தியான் தந்தியை மடித்தான். குசினிப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"விலாசம் மட்டும்தான் உங்கட, மாமா. பேர் ஹவ்வா உம்மாட."