அல்கெமிஸ்ட்டு துரை

இனிமே விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிக்க மாட்டேன். முடிவு பண்ணிட்டேன். வேலப்பன் ஒரு முடிவு எடுத்தா எடுத்ததுதான். பொண்டாட்டிகிட்ட சொல்றது ஒண்ணுதான் பாக்கி.

எங்க வீட்டுல காலையில தண்ணி, அதான் டீ, கலக்குறது நான். பதினாறு வருஷமா நான்தான். கேமரன் மலைக் குளிரு உங்களுக்குத் தெரியுமா? அஞ்சு மணிக்குக் கால கீழ வச்சா, கால் இருக்கான்னு குனிஞ்சு பாத்துக்கணும். பகல் பூரா தேயிலை பேக்டரியில தூளோட மாரடிக்கிறேன். வீட்டுக்கு வந்தாலும் அதே தூளு. என்னா செய்யுறது, என் பொண்டாட்டி பவளம், தேயிலை மலையில கங்காணி. முப்பது பேர வேலை வாங்குறவ. முப்பத்தொண்ணாவது ஆளு நானு.

ஆனா ஒண்ணு. எனக்கும் இந்த லைன் வீடுகள்ல ஒரு பேரு இருக்கு. குரல் மாத்திப் பேசுறதுல என்னை அடிக்க ஆளில்ல. மேனேஜர் இருமுறது, ஆபீஸ் கிராணி மூக்கால பேர் கூப்பிடுறது, கோலா தெர்லா காய்கறி லோரி ஏத்தத்துல மூச்சு வாங்குறது, எல்லாம் வரும். ஒரு தடவ லோரி பின்னால வர்ற சத்தம் குடுத்தேன். நின்னுகிட்டிருந்த மூணு பேரு சாக்கடையில எறங்கிட்டாங்க. அப்பேர்ப்பட்டவன்.

முடிவு எடுத்த அன்னிக்கு ஞாயித்துக்கெழமை. ஈப்போவுலேர்ந்து மச்சான் ரூபன் வந்தான். பவளத்தோட தம்பி. கையில தலகாணி மொத்தத்துல ஒரு புக்கு. பை நெறய தாயக்கட்டை. ஒரு கட்டைக்கு இருவது மூஞ்சி.

"என்னடா மச்சான், இருவது மூஞ்சி? எனக்கே ரெண்டுதான்டா. வீட்டுல ஒண்ணு, வெளிய ஒண்ணு."

"இது கதை ஆட்டம் மாமா. நீங்க வேற ஒரு ஆளா மாறணும். அந்த ஆளாவே பேசணும், சண்ட போடணும். நான் கதை சொல்லுவேன். தாயக்கட்டை முடிவு சொல்லும். பழைய புக்கு பத்து வருஷமா வச்சிருந்தேன். இது நியூ எடிஷன். வாங்க, மொதல்ல நீங்க யாருன்னு முடிவு பண்ணுங்க."

நான் யாருன்னு நானே முடிவு பண்ணலாமா! கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கேள்விய யாரும் என்னைக் கேட்டதில்லீங்க. மூளை பேக்டரி மெசின் மாதிரி சுத்த ஆரம்பிச்சிருச்சு.

"பவளம், ஒரு பந்தயம். இந்த ஆட்டத்துல நம்ம யாரா மாறுறோமோ, ஒரு மாசத்துக்கு வீட்டுலயும் அதேதான். பேனாவுல எழுதணும். எழுதுனத அழிக்கக் கூடாது. ரூபன் சாட்சி. என்னா சொல்ற?"

"நீங்க சொன்னா சரிதாங்க."

பதினாறு வருஷத்துல இந்த வார்த்தைய மொத மொதல்ல கேக்குறேன். அப்பவே எந்திரிச்சு ஓடியிருக்கணும். பெரும தாங்காம உக்காந்துட்டேன்.

ரூபன் புக்கத் தொறந்தான். "பழைய எடிஷன்ல பொறப்புதான் மாமா பெருசு. நெட்டை இனத்துல பொறந்தா பலம். குட்டை இனத்துல பொறந்தா தந்திரம். புதுசுல அதத் தூக்கிட்டாங்க. முன்னாடி என்னா வேலை பாத்தீங்களோ, அதுலேர்ந்துதான் பலம் வரும்."

"அடேங்கப்பா! இந்த எடிஷன் நம்ம எஸ்டேட்டுக்கு மட்டும் ஏன்டா இன்னும் வந்து சேரல?"

"முன்னாடி பாத்த வேலையச் சொல்லுங்க மாமா. வெவசாயி, சிப்பாய், பூசாரி, பிரபு..."

"பிரபுன்னா?"

"துரை மாதிரி."

"நிறுத்து. எழுது. துரை!"

துரை அஞ்சு மணிக்கு எந்திரிப்பாரா? எட்டு மணிக்குக் கண்ணு முழிப்பாரு. படுத்துகிட்டே மணி அடிப்பாரு. தண்ணி தானா வந்து நிக்கும். அந்தக் குரல எடுத்து விட்டேன்: "பவ்லம்! டீ கொண்ட்டு வா!"

"அச்சு அசல் அப்படியே இருக்குங்க, துரை," ன்னு பவளம் சிரிச்சா. வாயிலயே வந்திருச்சு பாத்தீங்களா, துரைன்னு! "எனக்கு வெவசாயி போதும்டா தம்பி," ன்னு அடக்கமா எழுதிக்கிட்டா.

"அடுத்தது கிளாஸு மாமா. அது பழைய வேலை, இது கதையில இப்ப செய்யுற வேலை. சண்டைக்காரன், பாட்டுக்காரன், மந்திரவாதி..."

"சண்டைக்காரன்!"

"மொத அடி அவருக்குத்தான் விழும்."

"அத நான் எடுத்துக்குறேன்," னா பவளம். "இவருக்கு ஒடம்பு தாங்காது. ஏற்கனவே வாங்குனது போதும்."

"அப்ப பாட்டுக்காரன்!"

"துரை பாடுனா மரியாதையாவா இருக்கும்? தம்பி, மாமா தகுதிக்குப் பாத்துச் சொல்லுடா. யாரு இல்லாட்டி இந்தக் கூட்டத்துல ஒருத்தனும் எந்திரிக்கவே முடியாதோ, அப்படி ஒரு ஆளு இருக்கா?"

"அது அல்கெமிஸ்ட்டு, அக்கா. புது எடிஷன்ல அவருக்குத்தான் மவுசு. ராஜாவே அவரு முன்னால கையேந்தி நிப்பாரு."

அல்கெமிஸ்ட்டு! சொல்லிப் பாத்தேன். மிஸ்டரும் கேக்குது. பிரிஞ்சாங் மலையில பனியா எறங்குற மிஸ்ட்டும் கேக்குது. வாயெல்லாம் ஜில்லுன்னு ஆயிருச்சு. ராஜா கையேந்துற வேலை, எவனுக்குக் கெடைக்கும்?

"என்னா வேலைன்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன்," னா பவளம்.

"துரைக்கு எல்லாம் தெரியும்லா! எழுதுடா!"

எழுதுனான். கீழ நான் கையெழுத்துப் போட்டேன். துரை கையெழுத்து. எவனாலயும் படிக்க முடியாது.

பவளம் புடவைத் தலைப்ப இழுத்துச் செருகுனா. "தம்பி, இப்ப மாமாவுக்குப் புரியுற மாதிரி தமிழ்ல சொல்லு."

"அதான் மாமா, மருந்துத் தண்ணி செய்யுறவரு. விடியக்காலம் எல்லாருக்கும் முன்னாடி எந்திரிக்கணும். அடுப்பு மூட்டணும். ஆளுக்கு ஒரு கோப்பை தண்ணி கலக்கி, படுத்த எடத்துக்கே கொண்டு போயிக் குடுக்கணும். அதக் குடிச்சாதான் மத்தவங்களுக்குத் தெம்பு வரும்."

"டேய்! நான் துரைடா!"

"அது பழைய வேலைங்க," னா பவளம். "இப்ப என்னா வேலைன்னு கீழ எழுதியிருக்குல்ல? அழிக்கக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதான. நான் சண்டைக்காரி. தண்ணி உள்ள போகாம எனக்குக் கண்ணு தொறக்காது. நூத்திப்பன்னெண்டாம் பக்கத்துல இருக்கு."

"ஏய், நீ எப்ப புக்கப் படிச்ச?"

"போன வாரமே தம்பி போன்ல அனுப்பிட்டானே."

ரூபனப் பாத்தேன். "மச்சான், சாட்சி நீதான்டா. ஒரு வார்த்தை மாத்திச் சொல்லிரு."

"எனக்கு சீனி கொறச்சுப் போடுங்க மாமா."

சாட்சிக்காரன் கால்ல விழறதவிட சண்டைக்காரன் கால்ல விழலாம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? சண்டைக்காரி எதிர்லயே உக்காந்திருக்கா. இருந்தாலும் பாருங்க, இந்த மலை பூரா தேடுனாலும் அல்கெமிஸ்ட்டும் துரையும் ஒரே ஆளா இருக்குறது நான் ஒருத்தன்தான். அந்தப் பெருமையோட, நெஞ்ச நிமித்தி, அவ கால்ல விழுந்தேன்.

பவளம் என் தலையத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுனா.

"விழுந்தது போதும் துரை. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சிருங்க."