மின்விசிறிக்குக் காட்டிய கை

வலது தோளில் யாரோ ஆப்பு வைத்து அடித்தது போல வலி. சிக்னல்காரர் படுத்தபடியே கையைத் தூக்கிப் பார்த்தார். காது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வர மறுத்தது.

பதினெட்டு வருடமாக அந்தக் கைதான் சோறு போடுகிறது. கேபினில் உட்கார்ந்து கிரேன் ஓட்டும் 'கொக்கு'க்குக் கீழே கத்துவது எதுவும் கேட்காது. நீளக் கழுத்து, நாளெல்லாம் உயரத்தில் ஒரே இருப்பு, அதனால் அவனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சிக்னல்காரர் கை சொன்னால்தான் அவன் பாரத்தை ஏற்றுவான், இறக்குவான்.

நேற்று மேஸ்திரி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "ஒருநாள் லீவு தரேன். கையை ஆட்டாம கிட. நாளைக்கும் தூக்க முடியலைன்னா செங்கல் சுமக்கப் போயிடு."

தூக்க முடியாத கைக்குச் செங்கல். மேஸ்திரியின் நியாயம் அப்படி. ஐம்பத்திரண்டு வயதில் செங்கல் எடுத்தால் இடுப்பும் சேர்ந்து போகும். ஆகவே ஆடாமல் கிடந்தார். வியர்த்துக் கொட்டியது.

தலைக்கு மேலே, மகள் வேலை செய்யும் கம்பெனியின் புது மின்விசிறி. சுவரில் சுவிட்ச் கிடையாது. கூடவே வந்த கண்ணாடியை மாட்டினால் அந்தரத்தில் ஒரு நீல வளையம் தெரியும். அதைப் பார்த்துக் கையால் சொல்ல வேண்டும். "எழுந்து நடக்கவே வேண்டாம்பா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

கண்ணாடியை மாட்டி, இடது கை விரலை மேலே நீட்டிச் சுழற்றினார். காற்று வந்தது. சுகமாகத்தான் இருந்தது. கொஞ்சம் குறைக்கலாமென்று, "இறக்கு" என்பதற்கு வேலையிடத்தில் காட்டுவதுபோல விரலைக் கீழே பார்த்துச் சுழற்றினார். விசிறிக்கு மேலும் தெரியாது, கீழும் தெரியாது. விரல் சுழன்றால் வேகம். கொடியில் கிடந்த துணியெல்லாம் பறந்தது.

மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "என்னங்க, வீட்டுக்குள்ள புயலா?"

"குறைக்கத்தான் சொல்றேன். கேக்க மாட்டேங்குது."

"உங்க பேச்சை இந்த வீட்டுல யார் கேட்டா, அது கேக்க?"

மகளுக்குப் போன் போட்டாள்.

"வெளிச்சம் பத்தலைம்மா. அப்பாவை ஜன்னலைப் பார்த்து நிக்கச் சொல்லு. வளையம் கூடவே வரும்."

போய் நின்றார். வளையம் கூடவே வந்து கண்ணை நிறைத்தது. தெருவும், எதிரே அவருடைய வேலையிடத்தில் எழும்பிக்கொண்டிருந்த கட்டிடமும் மங்கிப்போயின. கையைப் பக்கவாட்டில் நீட்டினார். விசிறி எதிர்ப்பக்கம் சுற்றியது. காலண்டர் ஆணியோடு வந்து விழுந்தது.

"இன்னும் பெருசா காட்டணுமாம். ரெண்டு கையும் வேணுமாம்" என்றாள் மனைவி.

"வலது கை செத்துக் கிடக்குடி."

"அப்ப சுத்தட்டும். நான் கட்டிலுக்கு அடியில குடித்தனம் பண்ணிக்கிறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். ஏற்று என்றார். இடது பக்கம் என்றார். மெதுவாக இறக்கு என்றார். ஒவ்வொன்றுக்கும் விசிறி வேறு ஒரு சுருதியில் ஊளையிட்டது. அரைமணி நேரம் மல்லுக்கு நின்று அலுத்து, இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டார். "வேலை முடிந்தது, எல்லாத்தையும் நிறுத்து" என்று வேலையிடத்தில் அதற்கு அர்த்தம்.

விசிறி நின்றது.

நெற்றியைத் துடைக்க வலது கையைத் தூக்கியபோதுதான் கவனித்தார். கை உச்சந்தலைக்கு மேலே நின்றது. வலி பாதிகூட இல்லை. சூடேறிப் பிடிப்பு விட்டிருந்தது.

"பாருடி! நாளைக்கு மேஸ்திரி வாயைத் திறக்கட்டும், பார்க்கலாம்."

கதவு தட்டப்பட்டது. கொக்கு நின்றான். மூச்சு வாங்கியது.

"நல்லவேளை ஜன்னல்ல வந்து நின்னீங்கண்ணே. கீழ புது ஆள் காட்டினது ஒண்ணும் விளங்கல. நீங்க காட்டினபடியே தூக்கி, இடது பக்கம் திருப்பி, ஆறாவது மாடியில வச்சுட்டேன். முடிஞ்சதுன்னு காட்டினீங்க, நானும் மோட்டாரை நிறுத்திட்டு இறங்கிட்டேன்."

சிக்னல்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "எதைடா வச்சே?"

"இடம் மாத்தக் கட்டி வச்சிருந்த கக்கூஸ் பெட்டியைத்தாண்ணே. உள்ள மேஸ்திரி இருந்தது அவர் கத்தினப்புறம்தான் தெரிஞ்சுது. அவரை இறக்குற கடன் இன்னும் உங்க கையிலதான் பாக்கி நிக்குது."